இரண்டாம் சனிக்கிழமைக் கதை

அஞ்சல் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டில், 2023 ஜூன் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, நான் எழுதிய சிறுகதை ஒன்றை 41 பேருடைய மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பினேன். அன்று தொடங்கி மாதம் ஒரு கதையாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு மாதம் மட்டும் தவறியது, அதைப் பின்னால் சொல்கிறேன். நியூஸ்லெட்டர் என்பதற்குச் செய்திமடல் என்ற சொல் தமிழில் நிலைத்துவிட்டது என்றாலும், என் மடலில் செய்தி என்று ஒன்றும் இருப்பதில்லை என்பதால் கதைமடல் என்றே சொல்லி வருகிறேன். தாங்களும் இப்படி ஒன்றைத் தொடங்கலாமா என்று கேட்டு, எழுதுகிற நண்பர்கள் சிலர் அண்மையில் கடிதம் போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தனித்தனியாக எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால், எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு இந்த எண்ணம் தபால் பையிலிருந்துதான் வந்தது. 1986இல் கோவில்பட்டிப் பக்கத்துத் துணை அஞ்சலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தபோது, புக் போஸ்டாக, அதாவது அச்சிட்ட தாள்களுக்கான குறைந்த கட்டணத் தபாலாக, வரும் சிற்றிதழ்களை முதன்முதலாகப் பார்த்தேன். புக் போஸ்ட் உறையின் முனைகள் ஒட்டப்படாமல் திறந்திருக்க வேண்டும், உள்ளே கடிதம் எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை என்பதை ஊழியர் சோதித்துப் பார்க்க அது இடம் தர வேண்டும் என்பது அன்றைய விதி. நான் விதிக்கு உட்பட்டு, தேவைக்குச் சற்று அதிகமாகவே சோதித்துவிட்டேன். 1988இல் சுந்தர ராமசாமி நாகர்கோவிலிலிருந்து தொடங்கிய ‘காலச்சுவடு’, கோவில்பட்டியிலிருந்தே கோணங்கி கொண்டுவந்த ‘கல்குதிரை’ போன்றவற்றின் பக்கங்களை, தபால்காரர் பட்டுவாடாவுக்குக் கிளம்பும் முன்பு நின்றபடியே புரட்டிய காலைகள் உண்டு. எங்கள் அஞ்சலக எல்லைக்குள் அப்படிப்பட்ட இதழ்களை வரவழைத்தவர்கள் மூன்றே பேர்: ஒரு தமிழாசிரியர், தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர் ஒருவர், வழக்கே இல்லாத வக்கீல் ஒருவர். இந்த மூன்று பேரை நம்பி ஒருவர் எங்கோ அச்சடித்து, தாள் சுற்றி, விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்புகிறாரே என்ற வியப்பு என்னைவிட்டு நீங்கவே இல்லை. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய ‘எழுத்து’ 1970 வரை 119 இதழ்கள் வந்தது என்பதையும், அவரே புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார் என்பதையும் பிற்பாடு படித்தபோது, அந்த வியப்போடு கொஞ்சம் அச்சமும் சேர்ந்துகொண்டது. எனக்கு மூட்டை தூக்கும் தெம்பில்லை. மின்னஞ்சலில் மூட்டை கிடையாது.

அச்சிதழ்களுக்குக் கதை அனுப்பாமல் இருந்தவன் அல்லன் நான். இருபது ஆண்டுகளில் பதினான்கு கதைகள் வெளிவந்திருக்கின்றன. அனுப்பிய கதை போய்ச் சேர்ந்ததா, படிக்கப்பட்டதா, கிடப்பில் இருக்கிறதா என்று தெரியாமல் நான்கு மாதம், ஆறு மாதம் காத்திருந்து, அந்தக் காத்திருப்பில் அடுத்த கதையையும் தொடங்காமல் விட்ட காலம்தான் எனக்கு அதிகம். முகநூலில் போட்டுப் பார்த்தேன். இரண்டாயிரம் சொற்கள் கொண்ட கதையை அது நான்கு வரியோடு மடக்கி ‘மேலும் பார்க்க’ என்று வைத்துவிடுகிறது. பார்த்தவர்கள் விருப்பக்குறி போட்டார்கள், மேலும் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது அவரவர் மனசாட்சிக்கே வெளிச்சம். வாட்ஸ்அப்பில் நடந்ததோ வேறு. உறவினர் ஒருவருக்கு அனுப்பிய என் கதை, மூன்று வாரம் ஊர் சுற்றிவிட்டு, என் பெயர் உதிர்ந்து, ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்போடு, ஓய்வு பெற்ற ஊழியர்கள் குழு வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. கடைசியில் மட்டும் யாரோ ஒரு நீதியைச் சேர்த்திருந்தார்கள். பெயர் போனதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை, அந்த நீதியைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மின்னஞ்சலிலும் ஒருவர் எடுத்துப் பிறருக்கு அனுப்பலாம்தான். ஆனாலும் அங்கே அனுப்புநர் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கு முகவரி இருக்கிறது, பெறுநர் பதில் எழுதினால் அது நேரே அவரிடம் வருகிறது. சந்தாதாரர் என்ற பழைய உறவின் எலும்புக்கூடு அதில் அப்படியே இருக்கிறது. கதைக்கு அந்த உறவு பொருந்தும் என்று நான் நினைத்ததற்கு இதுவே காரணம். அன்றாட அரசியல் கருத்து, சினிமா விமர்சனம் போன்றவற்றுக்கு இது சரிப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாளைத் தேர்ந்ததற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. வங்கிக்கும் பல அலுவலகங்களுக்கும் இரண்டாம் சனி விடுமுறை. நாங்கள் மட்டும் அந்தச் சனிக்கிழமைகளிலும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கிடைக்காத விடுமுறையை ஓய்வுக்குப் பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒன்று என்று ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டுரை எழுதுகிறவருக்கு அது முடியலாம். கதை ஒன்று கிடந்து ஊறிப் பக்குவப்படுவதற்கு மூன்று வாரமாவது ஆகிறது, நான்காவது வாரம் பிழை பார்க்க.

வாசகர்களைச் சேர்க்கும் வேலை, கதை எழுதுவதைக் காட்டிலும் நாணத்தைத் தருவது. கைபேசியில் இருக்கும் எல்லாப் பெயர்களையும் பட்டியலில் ஏற்றிவிடலாமே என்று நான் கேட்டபோது, இதற்கெல்லாம் எனக்கு ஆசான் ஆகிவிட்ட என் மகள், “கேக்காம அனுப்பினா அதுக்குப் பேரு குப்பைத் தபால்ப்பா” என்றாள். கவுண்டரில் எத்தனையோ நோட்டீசுக் கட்டுகளைக் கண்டு முகம் சுளித்தவன் என்பதால் உடனே புரிந்தது. அறுபது பேருக்குத் தனித்தனியாக எழுதிக் கேட்டதில் 58 பேர் சம்மதம் சொன்னார்கள். ஆனால் மடல் அனுப்ப நாங்கள் எடுத்துக்கொண்ட இணையச் சேவையில், பெயர் கொடுத்தவருக்கு முதலில் உறுதிப்படுத்தக் கேட்டு ஓர் அஞ்சல் போகும். அதிலுள்ள இணைப்பைச் சொடுக்கினால்தான் பட்டியலில் சேர்வார். வேறொருவர் முகவரியை யாரும் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. நம் ஊரிலோ, முன்பின் தெரியாத இணைப்பைச் சொடுக்கினால் வங்கிக் கணக்கு காலியாகிவிடும் என்று காவல்துறையும் வங்கிகளும் தினமும் எச்சரித்துக்கொண்டிருக்கின்றன. என் நண்பர்கள் எல்லோரும் பென்ஷன்காரர்கள், எச்சரிக்கையானவர்கள். ஒருவர் என் பெயரில் யாரோ மோசடி செய்கிறார்கள் என்று எனக்கே தொலைபேசியில் தகவல் சொன்னார். ஒவ்வொருவராக அழைத்து, அது நான்தான், சொடுக்கலாம், பணம் போகாது என்று விளக்கிய பிறகு 41 பேர் சேர்ந்தார்கள். மற்றவர்களுக்கு மின்னஞ்சல் என்பது வங்கி அறிக்கையும் காப்பீட்டு நினைவூட்டலும் வந்து விழும் இடம்; அதன் கடவுச்சொல் மகனிடம் இருக்கிறது, மகன் பெங்களூரில் இருக்கிறான். தமிழில் கதைமடல் தொடங்குகிறவர்கள் இந்தத் தடையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

மடலுக்குப் பெயர் வைப்பதில் ஒரு மாதம் வீணாயிற்று. நான் யோசித்த பெயர்களைக் கேட்ட என் மனைவி, ஒன்று பக்திப் பத்திரிகை போலவும் மற்றொன்று நாட்டு மருந்துக் கடை போலவும் இருப்பதாகச் சொன்னாள். பிறகு கவனித்ததில், கைபேசியில் அஞ்சல் வரும்போது தடித்த எழுத்தில் முதலில் தெரிவது அனுப்புநர் பெயர். பொருள் வரிக்கு அதன் கீழே மிகச் சிறிய இடம்தான், தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் நான்கு சொல்லுக்கு மேல் தெரியாது. ஆகையால் அனுப்புநர் இடத்தில் என் பெயரையும், பொருள் வரியில் கதையின் தலைப்பையும் போட்டுவிட்டுப் பெயர் விவகாரத்தை முடித்தேன்.

சேவைகளைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள், சொல்ல அதிகம் இல்லை. 2017இல் தொடங்கப்பட்ட சப்ஸ்டாக் பலருக்கும் தெரிந்தது; இலவசமாக அனுப்புவதற்குக் கட்டணமில்லை, சந்தா வசூலித்தால் பத்து விழுக்காட்டை எடுத்துக்கொள்வார்கள், பணம் ஸ்ட்ரைப் என்ற இணையப் பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாகப் போகும் கட்டணம் தனி. அந்த ஸ்ட்ரைப் 2024 முதல் இந்தியாவில் புதியவர்களை அழைப்பின் பேரில்தான் சேர்த்துக்கொள்கிறது என்பதால், இங்கிருந்து சந்தா வாங்க நினைப்பவர்கள் அதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. கோஸ்ட் என்ற திறமூல மென்பொருளைச் சொந்தமாக நிறுவிக்கொள்வோரும் உண்டு, அதற்கு வீட்டில் என் மகளைப் போல ஒருவர் வேண்டும். எதை எடுத்தாலும், முகவரிப் பட்டியலையும் கதைகளையும் மாதந்தோறும் இறக்கி உங்கள் கையில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். தனி ஆட்கள் சிறு மடல் அனுப்புவதற்கென்றே 2010இல் உருவாகி, எழுதுகிறவர்கள் பலர் விரும்பிப் பயன்படுத்திய டைனிலெட்டர் 2024 பிப்ரவரி 29 அன்று மூடப்பட்டது. தமிழர்கள் ஒரு காலத்தில் கூடிக் கூடி எழுதிய யாகூ குழுமங்களும் 2020 டிசம்பரில் போய்விட்டன. நான் பென்டிரைவில் ஒரு படி, மகளிடம் ஒரு படி, போதாதற்கு முகவரிகளை நோட்டில் கையால் எழுதி ஒரு படி என்று வைத்திருக்கிறேன். மூன்றாவது படியைப் பார்த்து மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

இனி, எனக்கு மிகப் பெரிய பாடமாக அமைந்த ஐந்தாவது கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூவாயிரம் சொற்களுக்குச் சற்று மேல் நீண்ட கதை. இருபது ஆண்டுகளுக்கு முன் அண்ணனோடு சண்டையிட்டுக்கொண்டு ஊரைவிட்டுப் போனவன், பங்கு நிலத்தை விற்பதற்காகத் திரும்பி வந்து, இரவில் பழைய வீட்டின் முன் நிற்கிறான். அனுப்பிய அன்று மாலைக்குள் பதினோரு பதில்கள் வந்தன. அதுவரை எந்தக் கதைக்கும் ஐந்துக்கு மேல் வந்ததில்லை. “கதவில் கை வைத்ததோடு நிறுத்திவிட்டீர்கள், தட்டினானா இல்லையா என்று சொல்லாமல் விட்டதில்தான் கதையே இருக்கிறது” என்று எழுதியிருந்தார் ஒருவர். ஏறத்தாழ எல்லோருமே அந்த முடிவைத்தான் பாராட்டியிருந்தார்கள். எனக்குத் தலை சுற்றியது. நான் அங்கே நிறுத்தவே இல்லை. கதவைத் தட்டி, அண்ணன் திறந்து, உள்ளே போய், இருவரும் பேசி, மேலும் நான்கு பத்திகள் இருந்தன.

மகள் வந்து பார்த்துக் கண்டுபிடித்தாள். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் ஜிமெயில், ஓர் அஞ்சலின் அளவு 102 கிலோபைட்டைத் தாண்டினால் மீதியை வெட்டிவிட்டு, முழுவதையும் பார்க்க இங்கே சொடுக்கவும் என்று ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு வரியை அடியில் போடுகிறது. அந்த வரியை யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் இணைப்பாயிற்றே என்று சொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்த எல்லையைத் தொடுவது கடினம், ஏனென்றால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான இன்றைய யூனிக்கோடு முறையில் ஆங்கில எழுத்து ஒன்றைச் சேமிக்க ஒரு பைட் போதும். தமிழுக்கோ ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ‘அம்மா’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது அகரம், மகரம், புள்ளி, மீண்டும் மகரம், கால் என்று ஐந்து குறிகள், ஆகப் பதினைந்து பைட். மூவாயிரம் சொல் தமிழ்க் கதை வெறும் எழுத்தாகவே தொண்ணூறு கிலோபைட்டை நெருங்கிவிடும். அதற்கு மேல் எழுத்தளவு, இடைவெளி, அடிக்குறிப்பு என்று அஞ்சலோடு ஒட்டிக்கொண்டு போகும் கட்டளைகள் வேறு. முப்பத்தாறு ஆண்டுகள் தராசில் எடை பார்த்துத் தபால்தலை ஒட்டச் சொன்னவன், என் சொந்தக் கடிதத்தை எடை போடாமல் அனுப்பியிருக்கிறேன்.

திருத்தம் அனுப்பலாமா என்று இரண்டு நாள் தவித்தேன். விடுபட்ட நான்கு பத்திகளை மறுபடி படித்துப் பார்த்தேன். முதல் பத்தியில் அண்ணனுடைய நரைத்த தாடி வந்தது, அடுத்த இரண்டில் இருவரும் அழுதார்கள், கடைசியில் விடிந்தது. கதவில் கை வைத்த இடத்தை மறுபடி பார்த்தேன். அனுப்பாமலே விட்டுவிட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் அப்படிச் செய்யவில்லை. நடந்ததை அடுத்த மடலில் அப்படியே எழுதி, முழுக்கதைக்கு இணைப்பும் கொடுத்தேன். முழுவதும் படித்தவர்களில் இரண்டு பேர், அவனுடைய மகன் பெயரைச் சொல்லி அண்ணன் விசாரிக்கும் வரி வேண்டியதுதான் என்றார்கள், மற்றவர்கள் நாகரிகமாக மௌனம் காத்தார்கள். என் கணினியில் இருக்கும் படியில் இப்போது அந்த ஒரு வரி கதவுக்கு முந்தைய பத்திக்கு இடம் மாறியிருக்கிறது, மற்றவை இல்லை.

வடிவமைப்பில் ஒன்று மட்டும் சொல்கிறேன். அச்சுப் புத்தகம் போல இரு பக்க ஓரமும் நேராக வரும்படி வரிகளைச் சீராக்க வேண்டாம். கைபேசியின் குறுகலான திரையில், ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரு சொல் வந்தால் அது அடுத்த வரிக்குத் தாவிவிடும். மீதமிருக்கும் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு மாட்டு வண்டி போகலாம். இடப்பக்கம் நேராக, வலப்பக்கம் எப்படியோ முடியட்டும்.

திறந்து பார்த்தவர் எண்ணிக்கை என்ற ஒன்றைச் சேவை காட்டும். கண்ணுக்குத் தெரியாத, புள்ளி அளவே உள்ள ஒரு படத்தை அஞ்சலில் ஒட்டி அனுப்புவார்கள். பெறுநரின் கருவி அந்தப் படத்தை வரவழைக்கும்போது அஞ்சல் திறக்கப்பட்டதாகப் பதிவாகும். முதல் மூன்று மாதங்கள் நான் அதற்கு அடிமையாகவே கிடந்தேன். ஒருவர் ஒரே கதையைப் பதினான்கு முறை திறந்ததாகக் காட்டியபோது, நள்ளிரவில் எழுந்து அவர் எந்த வரியில் திரும்பத் திரும்ப நிற்கிறாரோ என்று கற்பனை செய்தேன். ஆப்பிள் நிறுவனம் 2021 முதல் தன் அஞ்சல் செயலியில், தனியுரிமைப் பாதுகாப்பு வசதியை ஏற்றவர்களுக்கு, அவர்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களைத் தானே முன்கூட்டி வரவழைத்துவிடுகிறது, அதனால் இந்த எண்ணிக்கையை நம்ப முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. நம்ப முடியாது என்பதைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஒருவர் என் கதையை எத்தனை மணிக்குப் படித்தார் என்று மேற்பார்வை பார்ப்பதற்கு எனக்கு என்ன உரிமை? புக் போஸ்டைச் சோதித்ததற்காவது விதி இருந்தது. அந்த எண்ணிக்கையை அணைத்துவிடச் சொன்னேன், மகள் அணைத்தாள்.

கதைக்கு முன்னால் நாலு வரி ஏதாவது எழுதுவது மடலின் மரபு. மழை பெய்ததா, பக்கத்து வீட்டுக் கிணறு தூர்ந்ததா, அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பது போல. தொடக்கத்தில் இதை ஒரு மரியாதைக்காகத்தான் எழுதினேன். போகப் போக, வரும் பதில்களில் பாதிக்கு மேல் அந்த முன்குறிப்பைப் பற்றியவையாக இருந்தன. நான் வெளியூர் போய் வந்ததைப் பற்றி எழுதிய பத்து வரிக்கு ஒன்பது பேர் விசாரித்து எழுதினார்கள், அதன் கீழே ஆறு வாரம் உழைத்த கதை கிடந்தது, அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதுகிறவன் இதற்குக் கோபித்துக்கொள்ள முடியாது. கடிதத்தில் மனிதர்கள் முதலில் நலம் விசாரிப்பார்கள். ஆனால் முன்குறிப்பு நன்றாக எழுத வர ஆரம்பித்தால் கதை எழுதும் கை சோம்பிவிடும் என்பதைக் கண்கூடாகப் பார்த்தேன். சொந்தக் கதை எழுதுவது சுலபம், பாராட்டும் உடனே கிடைக்கும். எனக்கு நானே ஐந்து வரி என்று எல்லை வைத்துக்கொண்டேன். ஆறாவது வரி எழுத வேண்டும் என்று துடித்தால், அதைத் தனியே குறித்து வைத்து, அது கதையாகுமா என்று பார்க்கிறேன்.

பதில்களில் சில, கதையைவிட நல்லவை. பனையேறி ஒருவரைப் பற்றிய கதையில் பதநீர் என்று எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வாழும் வாசகர் ஒருவர், தங்கள் ஊரில் அதைக் கருப்பணி என்பார்கள் என்று தொடங்கி, தன் தகப்பனார் பனையிலிருந்து முட்டிக் கலயத்தை இறக்கி வருகிற நேரத்தில் பிள்ளைகள் எல்லாரும் பிளாவோடு வரிசையாக நிற்பதை, மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். பிளா என்றால் பனையோலையைக் கோட்டிச் செய்த குடிகலன். எங்கள் பக்கத்துப் பட்டைக்கு நெருங்கிய உறவு. அந்தக் கடிதத்தை மற்றவர்களுக்கும் படிக்கக் கொடுக்க ஆசைப்பட்டு அவரிடம் அனுமதி கேட்டேன். அது உங்களுக்கு எழுதியது என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியில் அவர் சொன்னதை நான் மதிக்கிறேன். இங்கேகூட அவர் சம்மதித்த அளவுக்கு மேல் எழுதவில்லை.

தவறிய மாதம் 2024 ஏப்ரல். கதை வரவில்லை, அவ்வளவுதான். எட்டாம் தேதி வரை வருமென்று நம்பி, பன்னிரண்டாம் தேதி பதற்றமாகி, 1998இல் அச்சில் வந்த பழைய கதை ஒன்றைப் போட்டுவிடலாம் என்று தேடி எடுத்தேன். கணினிக் கடையில் அந்தக் காலத்தில் தட்டச்சு செய்து வாங்கிய கோப்பு பத்திரமாக இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளுமாகக் கொட்டிக் கிடந்தன. தமிழில் யூனிக்கோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் அடித்தது. மாற்றிகளில் போட்டு எடுத்தால் ஒற்றெழுத்துகளும் கொம்புகளும் இடம் மாறி விழுந்தன. ஒவ்வொரு சொல்லாகச் சரி செய்துகொண்டே வந்தபோது, பாதியில், இந்தக் கதையை இன்று யாராவது எனக்கு அனுப்பினால் நான் முழுவதும் படிப்பேனா என்று தோன்றிவிட்டது. அந்தச் சனிக்கிழமை, இந்த மாதம் கதை இல்லை, அடுத்த மாதம் சந்திப்போம் என்று இரண்டே வரி அனுப்பினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டு நீட்டி முழக்கியிருந்தால்தான் சங்கடமாக இருந்திருக்கும்.

தொடங்குகிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய இழப்பு ஒன்று உண்டு. பல இதழ்களும் போட்டிகளும், இணையம் உட்பட வேறெங்கும் வெளிவராத படைப்பு என்று உறுதிமொழி கேட்கின்றன. மடலில் அனுப்பியதும் வெளிவந்ததுதானா என்று வாதாடிப் பார்க்கலாம். 41 பேருக்குப் போனது வெளியீடா கடிதமா என்பது சுவையான கேள்விதான். ஆனால் உறுதிமொழியில் கையெழுத்துப் போடும்போது வாதத்திற்கு இடமில்லை. மடலில் அனுப்பிய கதையை நான் எந்தப் போட்டிக்கும் அனுப்புவதில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு கதைகளை மடலுக்குக் கொடுக்காமல் இதழ்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறேன். எதை ஒதுக்குவது என்று முடிவு செய்யும்போது, நல்லதை யாருக்குக் கொடுப்பது என்ற போராட்டம் உள்ளுக்குள் நடக்கும், இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடுதான்.

விலகிச் செல்கிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொத்தமாக ஏராளமான விளம்பர அஞ்சல் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024இல் விதித்தன. அந்த விதி என் போன்ற சில்லறை ஆளுக்கு இல்லை என்றாலும் விலகும் வழியை மடலின் அடியில் தெளிவாக வைத்திருக்கிறேன். முதலில் ஒருவர் விலகியபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, அதிலும் அவர் என்னோடு ஒரே அலுவலகத்தில் பதினொரு ஆண்டுகள் இருந்தவர். அஞ்சலகத்தில் பட்டுவாடா ஆகாத தபாலின் மேல் காரணம் எழுதித் திருப்புவோம்: வீடு பூட்டியிருக்கிறது, விலாசதாரர் இல்லை, வெளியூர் போய்விட்டார், பெற மறுப்பு. ‘பெற மறுப்பு’ என்று தினம் பத்துக் கடிதத்தில் எழுதியவன், அது என் கடிதத்தின் மேல் விழுந்தபோது ஏன் இப்படி ஆனேன் என்று யோசித்துப் பார்த்துச் சமாதானம் அடைந்தேன். போன மாதம் அந்த நண்பரைக் கல்யாண வீட்டில் பார்த்தபோது, கண்புரை அறுவைக்குப் பிறகு கைபேசியில் படிக்க முடியவில்லை, தாளில் அடித்துக் கொடு என்றார்.

இப்போது பட்டியலில் 212 பேர் இருக்கிறார்கள். சந்தா கட்டுகிறோம், யூபிஐ எண் கொடுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குப் பென்ஷன் வருகிறது. பணம் வாங்கினால் ஏப்ரல் மாதத்தில் செய்ததுபோல இரண்டு வரி எழுதித் தப்பிக்க முடியாது. எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் தயங்காமல் வாங்க வேண்டும், அது வேறு. என்னிடம் கேட்டவர்களுக்கு, ஓர் அஞ்சலட்டை வாங்கி எழுதுங்கள், விலை ஐம்பது காசு என்றேன். இதுவரை பதினேழு அஞ்சலட்டைகள் வந்திருக்கின்றன. ஒன்றில் விலாசம் தவறு, ஆனாலும் எங்கள் தெருப் பட்டுவாடாவுக்குப் புதிதாக வந்திருக்கும் தபால்காரப் பையன் எப்படியோ விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்தான். முத்திரை மட்டும் தெளிவாக விழவில்லை, அதை அவனிடம் சொல்லி அனுப்பினேன்.

வருகிற இரண்டாம் சனிக்கிழமைக்கான கதை நேற்று முடிந்தது. எடை போட்டுப் பார்த்துவிட்டேன், 71 கிலோபைட்.